அம்மை, கூழ், மாரியம்மன்: மகள் படிக்க விரும்பும் வரலாறு

ஐயா, வணக்கம். மருத்துவம், உணவு, நாட்டார் வழிபாடு மூன்றின் வரலாற்றையும் சேர்த்து ஆராயப் போவதாக மகள் சொல்கிறாள். "ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கூடாதா, இதில் சோறு கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விகள்தான்.

அம்மை போட்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு கிடையாது, தண்ணீர் ஊற்றிய பிறகு மாரியம்மனுக்குக் கூழ். இதில் மருந்து எது, சமையல் எது, சாமி எது? பிரிக்க முடியாது. பெரியம்மைத் தடுப்பு மருந்து இந்தியாவுக்கு 1802இல் வந்தது. நோய் ஒழிந்தது 1975இல். இடைப்பட்ட 170 ஆண்டுகளுக்கு மேல் அம்மனும் ஊசியும் ஒரே தெருவில் எப்படி இருந்தார்கள்? இதைக் கேட்க மூன்றும் தெரிந்த ஆள்தான் வேண்டும். உங்கள் மகள் சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறாள்.

இனி படிப்பு. பி.ஏ., எம்.ஏ. வரலாறு, பிறகு பிஎச்.டி.; எப்படியும் பத்து ஆண்டு ஆகும். பட்டத்தைவிட மொழிதான் முக்கியம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மருத்துவச் சுவடிகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பழைய தமிழ் எழுத்து பழக வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் போதும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலான பாதிரிமார் அனுப்பிய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன. கல்லூரி நாட்களிலேயே ஜெர்மன் கற்கத் தொடங்கினால் அவற்றை அவளே படிக்கலாம்.

சரி, பணம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இந்த உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டு சலுகை உண்டு. ஆகவே "வயசு போகுதே" என்று இப்போதே அவசரப்படுத்தாதீர்கள். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். நிரந்தரக் கல்லூரிப் பணியிடங்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளராகவே பல ஆண்டு ஓட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது. அதனால் எம்.ஏ. முடித்ததும் பி.எட். படித்து வைக்கட்டும். மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதும் வழி திறந்திருக்கும். ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் பக்கமும் கண் வைக்கட்டும்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். அவளுடைய பாட்டியிடம் உட்கார்ந்து, அம்மை கண்ட நாட்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள், எதைத் தொடவே இல்லை, யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டு, பாட்டி சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.