தடுப்பூசி போட்டும் எருமைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது ஏன்?

கேள்வி: எங்களிடம் 5 எருமைகள் இருந்தன. 2 மாதத்துக்கு முன் எல்லாவற்றுக்கும் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டோம். ஒன்று மட்டும் அதே நோய் வந்து இறந்துவிட்டது. அதற்குப் பல மாதமாகவே விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனது. ஊசி மருந்து கெட்டுப்போனதா?

பதில்: வளர்த்த எருமையைப் பறிகொடுப்பது பெரிய இழப்பு. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் என் சந்தேகம், நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்தக் காய்ச்சல் மேல்தான். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் தீராத இளைப்பும் சர்ரா நோயில் அடிக்கடி பார்ப்பவை. ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் நோய் இது. எருமையில் வெளியே பெரிதாகத் தெரியாமல் மாதக்கணக்கில் இருக்கும்.

தடுப்பூசி தானாக நோயைத் தடுப்பதில்லை. கிருமி எப்படி இருக்கும் என்று உடலுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். எதிர்ப்புப் புரதங்களைச் செய்ய வேண்டியது எருமையின் உடல். சர்ராவை உண்டாக்கும் ட்ரிப்பனோசோமா என்ற ஒற்றைச் செல் கிருமி ரத்தத்திலேயே நீந்தியபடி தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஓர் உறைக்கு எதிராக உடல் தயாராகும்போது அது வேறு உறைக்கு மாறியிருக்கும். காய்ச்சல் தணிந்து மறுபடி ஏறுவது இதனால்தான். இப்படியே துரத்தித் துரத்தி, எதிர்ப்புப் புரதம் செய்யும் அணுக்கள் களைத்துப்போகின்றன. அந்த நேரத்தில் ஊசி போட்டால் பாடம் மனதில் பதியாத பிள்ளை போல உடல் அரைகுறையாகத்தான் கற்கும். சர்ரா உள்ள எருமைகளில் தொண்டை அடைப்பான் ஊசிக்கும், பன்றிகளில் பன்றிக் காய்ச்சல் ஊசிக்கும் எதிர்ப்பு குறைவாக உருவாவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். குடற்புழுவும் கல்லீரல் தட்டைப்புழுவும்கூட உடலின் எதிர்ப்பை வேறு பக்கம் திருப்பி மந்தமாக்கும்.

இறந்த எருமைக்கு இதுதான் நடந்தது என்று இனி உறுதி செய்ய முடியாது. மீதி 4 எருமைகளைப் பார்ப்பதுதான் இப்போது முக்கியம், ஏனென்றால் அதே ஈக்கள் அவற்றையும் கடித்திருக்கும். கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், முடிந்தால் காய்ச்சல் இருக்கும்போதே. நாள்பட்ட நோயில் கிருமி ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும், ஒரு முறை பார்த்து இல்லை என்றால் நம்பிவிட வேண்டாம். கன்று வீசிய, அதாவது குறைமாதத்தில் கரு கலைந்த எருமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். சாணியையும் கொடுத்துப் புழு முட்டை பார்க்கச் சொல்லுங்கள்.

சர்ரா என்று தெரிந்தால் டிமினாசின், குயினாபைரமைன் போன்ற மருந்துகள் உண்டு. உடல் எடைக்குச் சரியான அளவை மருத்துவரே போட வேண்டும். அளவு குறைந்தால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும்.

அப்புறம் ஒன்று. இதைப் படித்துவிட்டுத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். தொண்டை அடைப்பான் ஒரே நாளில் கொல்லும் நோய், அரைகுறைப் பாதுகாப்பும் வெறும் உடலைவிட மேல். சிகிச்சை முடிந்து, எருமை தேறி, சர்ராவால் வந்த ரத்தச் சோகை தெளிந்த பிறகு மறுபடி ஒரு ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படிகாரம் சேர்த்த வகை ஊசியின் பலன் சுமார் 6 மாதம்தான் நிற்கும், மழைக்காலத்துக்கு முன்பே அது உடலில் ஏறியிருக்க வேண்டும்.