தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறவர்களும் வாக்காளர் பட்டியலும்: வடசென்னைக் கேள்விகள், டீச்சரின் பதில்கள்

ஆயுத பூசை முடிந்தது. தீபாவளி 2025 அக்டோபர் 20ஆம் தேதி, திங்கட்கிழமை. அடுத்த கோடையில், அதாவது 2026இல், சட்டமன்றத் தேர்தல். மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த காலத்தில் வாக்குச்சாவடிப் பணியும் பட்டியல் திருத்தும் பணியும் பார்த்தவள் என்பதால், அக்கம்பக்கத்தார் என்னிடம் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். வாக்குப்பதிவு அன்று சாவடி வாசலில் வந்து, “என் பெயர் இல்லை” என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எந்த அலுவலராலும் பெயரைச் சேர்க்க முடியாது. பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய காலம் இதுதான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், மருமகள், மாப்பிள்ளை எல்லோரும் ஒரே கூரையின்கீழ் கூடுகிற இந்தப் பண்டிகை நாட்கள்.

தண்டையார்பேட்டை, ஒரு தாய்: டீச்சர், என் மகளுக்குச் செப்டம்பரில் 18 வயது நிறைந்தது. ஜனவரி வரை காத்திருக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மகனுக்கு மார்ச்சில்தான் 18 ஆகும். அவனுக்கு வாய்ப்பு உண்டா?

மகள் காத்திருக்க வேண்டியதில்லை அம்மா. முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு நாட்கள். இந்த ஆண்டு ஆயுத பூசை வந்ததே அக்டோபர் 1, அன்றே உங்கள் மகள் தகுதி பெற்றுவிட்டாள். பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுங்கள். வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோ ஆதாரோ போதும்.

மகன் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் பெயர் ஏறுவது ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகுதான். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. 2021இல் ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு, மார்ச் 19 மனுவின் கடைசி நாள். அதே கணக்கில் வந்தால் அவனுக்கு இந்தத் தேர்தல் தவறும். தேதி தள்ளிப்போனால் கிடைக்கும். எதற்கும் இப்போதே விண்ணப்பித்து வைக்கட்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஒரு பாட்டி: பேத்திக்கு இது தலை தீபாவளி. மாப்பிள்ளையோடு அம்பத்தூரிலிருந்து வருகிறாள். அவள் பெயர் இன்னும் இங்கேதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டுமா?

வேண்டாம் அம்மா, மாற்றிவிடுங்கள். எங்கே வழக்கமாகக் குடியிருக்கிறோமோ அங்கேதான் ஓட்டு. இடமாற்றம், கணவர் பெயர், திருத்தம் எல்லாவற்றுக்கும் படிவம் 8தான். வந்த இடத்தில் சீர்வரிசை, விருந்து எல்லாம் முடிந்த பின் கைப்பேசியில் உட்கார்ந்தால் சிறிது நேர வேலை. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் செயலியிலும் செய்யலாம். புதிய முகவரிக்கு அவளுடைய ஆதாரிலேயே முகவரியை மாற்றியிருந்தால் அதுவே சான்று.

பேசின் பிரிட்ஜ் அருகே இருந்து பெரும்பாக்கம் போனவர்: எங்கள் குடிசைகளை எடுத்து எங்களைப் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். பண்டிகை என்றால் இன்னும் பழைய தெருவுக்குத்தான் வருகிறோம். குலதெய்வமும் சொந்தமும் இங்கே. ஓட்டையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் மனது எனக்குப் புரிகிறது தம்பி. பிள்ளைகள் படித்த பள்ளியும் மீன் வாங்கிய சந்தையும் இங்கே இருக்க, வீடு மட்டும் அங்கே போயிற்று. ஆனாலும் ஓட்டு உங்கள் வீட்டோடுதான் இருக்க வேண்டும். பெரும்பாக்கம் சோழிங்கநல்லூர் தொகுதி. அங்கே பஸ் வரவில்லை, மின்தூக்கி ஓடவில்லை, தண்ணீர் மேலே ஏறவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தொகுதி உறுப்பினர். உங்கள் ஓட்டு வடசென்னையிலேயே இருந்தால் அவர் உங்களைக் கணக்கில் எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அத்தனை ஆயிரம் குடும்பங்களும் ஓட்டோடு அங்கே நின்றால்தான் குரல் கேட்கும். இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பதோ சட்டத்துக்கு விரோதம்; தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். வேலைக்காகச் சில மாதம் வெளியூர் போனவரின் பெயரை, அவர் வீட்டில் இல்லை என்ற ஒரே காரணத்தால் நீக்க முடியாது. தற்காலிகமாக இல்லாமல் போவதால் குடியிருப்பு அறுந்துவிடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. நிரந்தரமாகக் குடிபெயர்ந்தது வேறு.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை ஊழியர்: தீபாவளி வரை எங்களுக்கு ஒரு நாள் விடுப்பும் கிடையாது. தேர்தல் அன்றாவது கிடைக்குமா? கிடைத்தால் சம்பளம் பிடிப்பார்களா?

கிடைத்தே ஆக வேண்டும், சம்பளமும் பிடிக்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி (135B). கடை, தொழிற்சாலை, நிறுவனம் எதுவானாலும் சம்பளத்தோடு விடுப்பு. தினக்கூலிக்காரருக்கும் அன்றைய கூலி உண்டு. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ வரக்கூடிய வேலைகளுக்கு மட்டும் விலக்கு. துணி மடித்து வைப்பது அந்த வகையில் வராது. மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் காலத்தில் 500 ரூபாய் ஒரு முதலாளிக்கு எந்த உறுத்தலையும் தராது. அந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிடங்கு வைத்திருக்கும் ஒருவர், மணலி பக்கம்: என்னிடம் மூட்டை தூக்கும் பீகார் இளைஞர்கள் சத் பூசைக்கு ஊருக்குப் போகிறார்கள். பூசை 28ஆம் தேதி காலை முடிகிறது. தேர்தல் என்று சொல்லி நவம்பர் நடு வரை தங்குவோம் என்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

அவர்கள் சொல்வது உண்மை ஐயா. பீகாரில் நவம்பர் 6, 11 என்று இரண்டு கட்டமாக வாக்குப்பதிவு. முதல் கட்டத்தில் 121 தொகுதி, இரண்டாவதில் 122. யாருடைய ஊர் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருமே 11 வரை இருக்க வேண்டியதில்லை. வேலை செய்யும் இடம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும், வாக்குப்பதிவு நாளின் சம்பள விடுப்பு அவர்களுக்கும் உரியது. நடுவில் வரும் நாட்களுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சென்னையிலிருந்து பாட்னாவுக்கு ரயிலில் போகவே இரண்டு நாள் ஆகிவிடும். பூசை முடிந்ததும் திரும்பி வா, மறுபடி ஓட்டுக்குப் போ என்றால் அவர்களால் முடியாது. விட்டுக்கொடுங்கள். நம் கிடங்குகளையும் ஓட்டல்களையும் கட்டடங்களையும் தாங்கி நிற்பவர்கள் அவர்கள்.

அதே பீகாரைப் பற்றி, வியாசர்பாடியிலிருந்து: அங்கே நிறையப் பேரை நீக்கிவிட்டார்களாமே. இங்கும் அப்படி வருமா?

இந்த ஆண்டு அங்கே நடந்தது சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாவது வீடு வீடாகப் போய்ப் பட்டியலைப் புதிதாகத் தயாரிப்பது. ஜூனில் 7.89 கோடியாக இருந்த பட்டியல், ஆகஸ்ட் வரைவில் 7.24 கோடியானது. செப்டம்பர் 30 இறுதிப் பட்டியலில் 7.42 கோடி. ஆணையம் முதலில் கேட்ட 11 ஆவணங்களில் ஆதார் இல்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே 12ஆவதாக, அடையாளச் சான்றாக மட்டும், ஏற்கப்பட்டது. நாடு முழுவதும் இந்தத் திருத்தம் நடக்கும் என்று ஆணையம் சொல்லியிருப்பதால் நாமும் தயாராக இருக்க வேண்டும்.

பீகாரில் 2003ஆம் ஆண்டுப் பட்டியலை அடிப்படையாக வைத்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கு முன் தீவிரத் திருத்தம் நடந்தது 2002, 2005 ஆண்டுகளில். இங்கும் அந்தப் பழைய பட்டியலில் பெயரைத் தேட வேண்டி வரலாம். அந்த ஆண்டுகளில் நீங்களும் உங்கள் பெற்றோரும் எந்தத் தெருவில், எந்தக் கதவு எண்ணில் இருந்தீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். தீபாவளிக்கு வரும் பெரியப்பா, அத்தை, பெரியவர்கள் எல்லோரிடமும் கேளுங்கள். இது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். 2008 தொகுதி மறுவரையறையில் பூங்கா நகர், புரசைவாக்கம் தொகுதிகள் மறைந்தன, கொளத்தூர், திரு.வி.க. நகர் புதிதாக வந்தன. ஆகவே பழைய பட்டியலில் உங்கள் பெயர் வேறு தொகுதிப் பெயரில் இருக்கலாம். பயப்பட வேண்டாம். தேடும் இடத்தை அறிந்து தேடுங்கள்.

பாரிமுனை அருகே பூக்கட்டும் ஒரு பெண்ணுக்காக, அவரிடம் பூ வாங்குபவர்: அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக நடைபாதையில்தான் வாழ்கிறது. சரஸ்வதி பூசைக்கும் தீபாவளிக்கும் ஊருக்கே பூ தருகிறவர்கள். முகவரிச் சான்று இல்லை என்று ஒருவர் படிவத்தைத் திருப்பிவிட்டார். வழி உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையே இல்லை. படிவம் 6இல் அவர் இரவில் தூங்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய், அவர் அங்கே உறங்குகிறாரா என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இது ஆணையத்தின் விதி, யாருடைய சலுகையும் அல்ல. படிவத்திலேயே, ஆவணம் எதுவும் இல்லாதவருக்கு நேரடி விசாரணை கட்டாயம் என்று அச்சிட்டிருக்கிறது.

ஆகவே திருப்பிவிட்டவரிடம் வாக்குவாதம் செய்யாமல், மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வாக்காளர் பதிவு அலுவலரின் பெயருக்குப் படிவத்தைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். சீட்டு கையில் இருந்தால் விண்ணப்பம் காணாமல் போகாது. நீங்கள் அந்தப் பெண்ணோடு ஒரு முறை துணைக்குப் போனால் போதும், அலுவலகத்தில் அவரை நிறுத்திக் கேட்கும் விதமே மாறிவிடும். இரவில் அலுவலர் வருவதாகச் சொன்னால், அந்த வாரம் குடும்பத்தில் ஒருவராவது இடத்தில் இருக்கச் சொல்லுங்கள். மழைக்கு வேறு இடத்தில் ஒதுங்கினால், எங்கே ஒதுங்குவார்கள் என்பதை அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி வைக்கட்டும்.

காசிமேடு, விசைப்படகுத் தொழிலாளி: நாங்கள் கடலுக்குப் போனால் திரும்ப நாளாகும். தபால் ஓட்டு உண்டா?

மீனவருக்குத் தபால் ஓட்டு கிடையாது. இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். தேர்தல் அதற்குள் வந்தால் விசைப்படகுகள் துறைமுகத்தில்தான் நிற்கும். 2021போல ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தால், அந்தப் பயணத்தைத் தேதி பார்த்துக் குறுக்குவதைத் தவிர வழியில்லை. படகு உரிமையாளரிடம் முன்பே பேசிவையுங்கள்.

இராயபுரம்: என் தாயாருக்கு 86 வயது, படி இறங்க முடியாது.

85 வயது கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். குழுவாக அலுவலர்கள் வீட்டுக்கே வருவார்கள். ஒருமுறை இதைத் தேர்ந்தெடுத்தால் பிறகு சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது என்பதைத் தாயாரிடம் சொல்லுங்கள்.

ஆர்.கே. நகர்: தீபாவளிக்கு வேட்டி, சேலை, இனிப்புப் பெட்டி என்று கட்சிக்காரர்கள் கொடுக்கிறார்கள். இன்னும் தேர்தலே அறிவிக்கவில்லையே, வாங்கினால் தவறா?

தேர்தல் நடத்தை விதிமுறைகள் தேர்தல் அறிவிக்கும் நாளில்தான் தொடங்கும். ஆனால் ஓட்டுக்காகக் கொடுப்பதும் வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை. உங்கள் தொகுதிக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 12இல் நடக்க இருந்த இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாக ஆணையம் ரத்து செய்தது. டிசம்பர் 21இல்தான் நடந்தது. இடைப்பட்ட அத்தனை மாதமும் அந்தத் தொகுதிக்குச் சட்டமன்றத்தில் உறுப்பினரே இல்லை. கொடுத்தவர்களால் அந்தத் தெருவாசிகள் இழந்தது அது.

ஏழைகள் வாங்கினார்கள் என்று அவர்களை இழிவாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். புதுத்துணி இல்லாமல் பிள்ளைகள் நிற்கும் வீட்டில் கண்முன் நீட்டப்படும் சேலையை மறுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். குற்றத்தின் பெரும்பங்கு நீட்டுகிறவருடையது. ஆனால் வாங்கியதற்குக் கடமைப்பட்டுவிட்டோம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். திரைக்குப் பின்னால் நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பதை யாராலும் அறிய முடியாது. வாக்கு இயந்திரத்தோடு இருக்கும் கருவியில் வரும் ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி உங்களுக்கு மட்டும் தெரிந்து, பெட்டிக்குள் விழுந்துவிடும். தேர்தல் அறிவித்த பிறகு பட்டுவாடா நடந்தால், ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலியில் படமோ காணொளியோ எடுத்து அனுப்பலாம்.

திருவொற்றியூர்: தையில் தங்கை திருமணம். நகைக்குப் பணம் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடிக்குமா?

தேர்தல் அறிவித்த பிறகு 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் வேண்டும். வங்கியில் எடுத்த சீட்டு, திருமணப் பத்திரிகை, நகைக்கடை மதிப்பீட்டுத் தாள் உடன் இருக்கட்டும். தைக்குள் அறிவிப்பு வராவிட்டால் கவலையே இல்லை.

கொடுங்கையூர்: அப்பா இறந்து இரண்டாண்டு. பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

படிவம் 7, இறப்புச் சான்றிதழ் நகலோடு. தயங்காதீர்கள். இல்லாதவர் பெயர் இருந்தால் வேறு யாரோ அதில் வாக்களிக்க வழி உண்டாகும்.

பெரம்பூர்: வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது. ஸ்மார்ட் ரேஷன் அட்டையைக் காட்டலாமா?

காட்ட முடியாது, ஏற்கப்படும் மாற்று ஆவணங்களில் குடும்ப அட்டை இல்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை ஏற்கப்படும். பூத் சிலிப் மட்டும் இருந்தால் போதாது. புது அட்டைக்குப் படிவம் 8.

மீண்டும் தண்டையார்பேட்டை, ஒரு கல்லூரி மாணவர்: நான் போவதற்குள் என் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டியதுதானா?

வராதே தம்பி. சாவடியின் தலைமை அலுவலரிடம் நீ யார் என்று நிறுவிக் காட்டு. தேர்தல் நடத்தும் விதிகளில் 49பி-யின்படி (49P) ஆய்வுக்குரிய வாக்கு கேள். இயந்திரத்தில் அல்ல, வாக்குச்சீட்டில் முத்திரையிட்டுத் தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. முடிவை எதிர்த்து வழக்கு நடந்து, நீதிமன்றம் கேட்டால் எடுப்பார்கள். எதற்கும் காலையிலேயே போய்விடு. சந்தேகம் எதுவானாலும், எல்லோருக்குமே சொல்கிறேன், 1950 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.