Re: மலிவு சுருட்டு பாதிக்கு மேல கசக்குது, மார்க் போடவே முடியல

ப்ரோ, ஒரே பண்டில்ல ஒண்ணுக்கு 8 போட்டேன் அடுத்ததுக்கு 4தான் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, அதுல உங்க நாக்கு மேல தப்பே இல்ல. விலை கம்மியான சுருட்டுல நிறைய ஷார்ட் ஃபில்லர்தான், அதாவது உள்ள முழு இலைக்கு பதிலா வெட்டின துண்டு, அது வேகமா எரியும், சூடாகும், சூடானா கசக்கும். அதனால நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல வேணாம். புகைய வாயில வச்சு விட்டுடுங்க, உள்ள இழுக்காதீங்க (அப்படி இழுக்கலன்னாலும் வாய்ப்புற்றுநோய் ரிஸ்க் இருக்கு, அது தெரிஞ்சுதான் பிடிக்கிறோம்). கசப்பு வந்தா ஒருதரம் மெதுவா வெளிய ஊதிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா விடுங்க, பெரும்பாலும் சரியாகும்.

ஒரு பக்கமா எரியுதுன்னா பாதி நேரம் ஈரப்பதம்தான் காரணம். பார்சல் வந்த அன்னைக்கே பிடிக்காம ரெண்டு மூணு வாரம் டப்பால 65 சதவீத ஈரப்பதத்துல வைங்க. ஈரப்பதம் அளக்கற ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பாதீங்க, ஈரமான உப்போட மூடின டப்பால போட்டா 75 காட்டணும், காட்டலன்னா அந்த வித்தியாசத்த, கம்மியா காட்டினா கூட்டிக்கோங்க, அதிகமா காட்டினா கழிச்சுக்கோங்க.

மார்க் விஷயத்துல, ஒரு சுருட்ட வச்சு முடிவு பண்ணவே கூடாது, குறைஞ்சது மூணு, வேற வேற நாள்ல, பிராண்ட் பேர் போட்ட காகித வளையத்த (பேண்ட்) கழட்டிட்டு. சுவைக்கு தனியா, எரியறதுக்கு தனியா போடுங்க. விலை கம்மிங்கறதுக்காக ஒரு மார்க் அதிகமா போடற ஆளுங்க ரிவியூவ நான் படிக்கறதே இல்ல 😄 மூணுல ரெண்டு நல்லா இருந்தா அந்த பண்டில மறுபடி வாங்கலாம்.