கறுப்பு மட்டும் வரலைங்களா? முதலில் கிளீனிங்கை நிறுத்துங்க

கேள்வி: ஏனுங்கண்ணா, கோபியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்காகக் கடையை எட்டு நாள் பூட்டியிருந்தேன். திரும்பி வந்து போட்டால், இங்க் டேங்க் பிரிண்டரில் கறுப்பு மட்டும் சுத்தமாக வரவில்லை. மற்ற மூன்று கலரும் பளிச்சென்று வருகிறது. டேங்கில் கறுப்பு மை பாதிக்கு மேல் இருக்கிறது. பதினைந்து தடவையாவது ஹெட் கிளீனிங் கொடுத்துவிட்டேன். ஹெட் போயிருச்சு, மாத்தணும் என்கிறார் ஒருத்தர். சுடுதண்ணி விட்டால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருத்தர். பட்டா, சிட்டா எடுக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என்ன பண்ணட்டும்?

பதில்: பதினாறாவது கிளீனிங் வேண்டாம் தங்கச்சி. சுடுதண்ணியும் வேண்டாம். ஹெட் போய்விட்டது என்ற முடிவுக்கும் இப்போதே வராதீங்க. திருப்பூரில் கடை வைத்து இந்த வேலையைப் பார்க்கிற எனக்குப் பங்குனி, சித்திரையில் இதே புகார்தான் அதிகமாக வருகிறது. வெயில், லீவு, பூட்டிய கடை, உள்ளே காய்ந்த மை. அவ்வளவுதான் விஷயம். அதில் நிஜமாகவே ஹெட் செத்துப்போனது கொஞ்சம்தான்.

கிளீனிங் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீங்களே நிறுத்திவிடுவீங்க. மையைத் தாளில் தெளிக்கிற ஹெட் ஓரமாகப் போய் ஒரு ரப்பர் கேப் மேல் உட்காரும், அடியில் இருக்கிற பம்ப் மையை உறிஞ்சும், உறிஞ்சின மை அடியில் இருக்கிற பஞ்சுப் பேடில் போய்ச் சேரும். லேசான அடைப்பு இதில் போய்விடும், ஆனால் விடாமல் உறிஞ்சினால் மையோடு காற்றும் கலந்து ஹெட்டுக்குள் நுரை கட்டிவிடும், அப்புறம் முதலில் வந்துகொண்டிருந்த நாசிலும் (மை வெளியே வருகிற நுண்ணிய துளை) வராது. பேடு சீக்கிரம் நிரம்பினால் மெஷின் பிழைச் செய்தி காட்டிவிட்டு நின்றுவிடும், அது தனிச் செலவு. அதனால்தான் எப்சன் டேங்க் மாடல்களின் கையேட்டிலேயே, கிளீனிங்கும் நாசில் செக்கும் (எந்த நாசிலில் மை வருகிறது என்று காட்டுகிற சோதனைப் பிரிண்ட்) மூன்று முறை செய்தும் சரியாகவில்லை என்றால் குறைந்தது 12 மணி நேரம் மெஷினை ஆஃப் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேனான் டேங்க் மாடல்களில் டீப் கிளீனிங் கொடுத்தும் தேறவில்லை என்றால் 24 மணி நேரம் விட்டுவிட்டு இன்னொரு முறை கொடுக்க வேண்டும். யாரும் இதைச் செய்வதில்லை. சும்மா வைத்திருப்பது ஒரு வைத்தியமா என்று கேட்பார்கள். வைத்தியம்தான், அந்த நேரத்தில் நுரை அடங்கி மை மறுபடி நாசில் வரைக்கும் வந்து நிற்கும்.

சரி, இப்போது ஒரே ஒரு நாசில் செக் எடுங்க. கம்ப்யூட்டரில் பிரிண்டர் செட்டிங்கில் மெயின்டெனன்ஸ் பகுதியில் இருக்கும். எடுத்த தாளைக் கசக்கிப் போடாமல் தேதியும் நேரமும் எழுதி வைத்துக்கொள்ளுங்க, ஏனென்றால் அடுத்த தாளோடு ஒப்பிட்டால்தான் அது பேசும். போன தாளில் கறுப்பு விட்டுப்போன அதே இடம் இந்தத் தாளிலும் விட்டுப்போயிருந்தால் அங்கே மை காய்ந்து அடைத்திருக்கிறது. விட்டுப்போகிற இடம் தாளுக்குத் தாள் மாறினால் அது அடைப்பு இல்லை, காற்று. கறுப்புக் கட்டமே முழுசாகக் காணோம், மற்ற மூன்றும் கோடு தப்பாமல் இருக்கிறது என்றால், மை ஹெட் வரைக்கும் வந்து சேரவே இல்லையோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். எப்சனின் சாதாரண டேங்க் மாடலில் கறுப்புக்கு மட்டும் 180 நாசில், மற்ற ஒவ்வொரு கலருக்கும் 59. அந்த 180-ம் ஒரே நேரத்தில் ஒன்றுவிடாமல் அடைத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தானே.

நாசில் செக்கில் கறுப்பு ஒழுங்காக வந்து, பட்டா மட்டும் வெளிறி வருகிறது என்றால் ஹெட்டைத் தொடவே தேவையில்லை. ஒரு தாளை மெஷினிலேயே வைத்து ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்க. அது நன்றாக வந்தால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். பேப்பர் வகையில் யாராவது போட்டோ பேப்பர் என்று மாற்றி வைத்திருப்பார்கள். கறுப்பு மட்டும் பிக்மென்ட் மையாக இருக்கிற மாடல்களில் போட்டோ பேப்பர் என்று போட்டால் பெரும்பாலும் கறுப்பு டேங்கை விட்டுவிட்டு மூன்று கலரையும் கலந்து கறுப்பு உண்டாக்கும். உங்களுக்கு இதில் ஒரு குறுக்கு வழியும் கிடைக்கிறது: அவசரமாகச் சிட்டா கேட்டு நிற்கிறவருக்கு அந்த செட்டிங்கில் போட்டுக் கொடுத்துவிடலாம், பழுப்புக் கலந்த கறுப்பாக வந்தாலும் படிக்கலாம். கலர் மை கூடுதலாகச் செலவாகும், ஒன்றிரண்டு நாளைக்கு மட்டும்.

பிக்மென்ட் என்றேன் அல்லவா, திருப்பூர்க்காரனுக்கு இதைச் சொல்வது சுலபம். சாயப்பட்டறையில் முக்கின துணியில் சாயம் நூலுக்குள் இறங்கிவிடும், பிக்மென்ட் பிரிண்ட் போட்ட பனியனில் கலர் மேலே படிந்து நிற்கும். மையும் அப்படித்தான். டை மை கரைசல், காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் இளகிவிடும். பிக்மென்ட் நுண்ணிய தூள், காய்ந்தால் இறுகிவிடும், இளக்க நேரம் பிடிக்கும். கேனான் ஜி வரிசையின் நாலு கலர் மாடல்களிலும் ஹெச்பி டேங்க் மாடல்களிலும் கறுப்பு மட்டும் பிக்மென்ட், கலர்கள் டை. எப்சனில் 003 மை போடுகிற மாடல்களில் நாலுமே டை, 001 மை போடுகிற மாடல்களில் கறுப்பு பிக்மென்ட். நீங்கள் மாடல் எழுதவில்லை, பாட்டிலைப் பார்த்துக்கொள்ளுங்க. விலை மலிவாக இருக்கிறதே என்று வேற வகைக் கறுப்பை வாங்கி இதே டேங்கில் ஊற்றியிருந்தால் அதை மறைக்காமல் சர்வீஸ்காரரிடம் சொல்லிவிடுங்க, இரண்டும் கலந்து திப்பி திப்பியாக நின்றுவிடும், அப்புறம் டியூப் வரைக்கும் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.

இனி டியூபைப் பாருங்க. மூடியைத் திறந்தால் டேங்கிலிருந்து ஹெட்டுக்குப் போகிற நாலு டியூப் தெரியும். கறுப்பு டியூபில் நடுநடுவே வெற்றிடம் தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கும் அடியில் போன பிறகும் ஓட்டியிருந்தால் இப்படி ஆகும். பழைய எப்சன் மாடல் சிலவற்றில் டேங்க் பக்கம் ஒரு திருகு இருக்கும், மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும்போது மையை அடைத்து வைப்பதற்கு. கடையைப் பெருக்கும்போது அதை யாரோ திருப்பிவிட்டிருந்த கேஸ் எனக்கே இரண்டு மூன்று வந்திருக்கிறது. காற்று இருந்தால் எப்சனில் பவர் கிளீனிங் அல்லது பவர் இங்க் ஃபிளஷிங், கேனானில் சிஸ்டம் கிளீனிங், ஒரே ஒரு முறை. எப்சனில் அதற்கு முன்னால் எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும், இல்லையென்றால் புதுசாகக் காற்றை உறிஞ்சி உள்ளதையும் கெடுத்துக்கொள்ளும்.

டியூப் நிறைய மை இருந்தும் வரவில்லை என்றால் ஊற வைக்கலாம். மெஷினை ஆன் செய்து ஹெட் ஓரத்தை விட்டு நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஹெட்டைக் கையால் மெதுவாகத் தள்ளலாம், அது உட்காரும் கேப் தெரியும். அதன் பஞ்சில் நாலைந்து சொட்டு டிஸ்டில்டு வாட்டர், அல்லது பிரிண்டர் பாகம் விற்கிற கடைகளில் கிடைக்கிற கிளீனிங் லிக்விட் விடுங்க. கோவை காந்திபுரம் பக்கம் அலையத் தேவையில்லை, பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரே போதும். போர் தண்ணி மட்டும் ஆகவே ஆகாது, நம் பக்கத்து உப்பு வாளியிலேயே வெள்ளையாகப் படிகிறது, முடியை விடப் பல மடங்கு சன்னமான நாசிலில் படியாமல் இருக்குமா? சிறுவாணித் தண்ணியாகவே இருந்தாலும் அது குடிக்கத்தான். சொட்டு விட்டதும் பிளக்கை மாட்டி ஆன் செய்து, ஹெட் ஓரத்தில் போய் உட்கார்ந்ததும் மெஷினின் சொந்த பட்டனால் அணைத்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்க. கேப் ஓரத்தில் பஞ்சுத் தூசியோ முடியோ ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்க, இடைவெளி இருந்தால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், எத்தனை கிளீனிங் போட்டாலும் வீண். எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் இதுதான் பாதிப் பிரச்சினை.

சிரிஞ்சை வைத்து ஹெட்டுக்குள் தண்ணீர் அடிக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம். தொழில் பழகின புதிதில் நான் அப்படி அடித்து, ஒரு சொட்டு ஹெட்டின் ரிப்பன் கேபிள் மேல் விழுந்ததைக் கவனிக்காமல் ஆன் செய்தேன். ஹெட்டும் போச்சு, போர்டும் போச்சு, கைக்காசு போட்டுத்தான் அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன். சுடுதண்ணி சொன்னவருக்கும் இதைச் சொல்லுங்க.

ஹெட் மாற்றுகிற பேச்சு வந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும். கேனான், ஹெச்பி ஹெட்டுகள் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித் தெறிக்க விடுகிறவை. 1977-ல் கேனான் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை ஊசியில் பட்டு, ஊசி முனையில் மை பீய்ச்சியடித்ததைப் பார்த்துத்தான் அந்த வழியே அங்கே பிறந்தது. அந்தச் சூட்டைத் தணிப்பதே மைதான், மை வராத நேரத்தில் விடாமல் பிரிண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கிற ஹீட்டர் கருகிவிடும். ஆனால் கேனான் ஜி வரிசையில் கறுப்பு ஹெட்டைத் தனியாக வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ளலாம். எப்சனில் சூடு கிடையாது, மின்சாரம் பட்டால் வளைகிற பீசோ படிகம் மையைத் தள்ளுகிறது, அதனால் நீண்ட நாள் வரும். போனால்தான் செலவு பெரிசு, பழைய மெஷினுக்கு ஹெட் மாற்றுவதைவிடப் புதுசு எடுப்பதே மேல் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம். ராத்திரி கடை பூட்டும்போது மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறதா? பாதி பிரிண்டில் அப்படி நின்றால் ஹெட் கேப் மேல் உட்காராமல் திறந்தே கிடக்கும், எட்டு நாள் வெயிலுக்கு அது தாராளம். முதலில் பிரிண்டர் பட்டன், அது ஓய்ந்த பிறகு மெயின். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பக்கத்துக் கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்து, நாலு நாளைக்கு ஒருமுறை நாலு கலரும் இருக்கிற ஒரு பக்கம் போடச் சொல்லுங்க.

சனிக்கிழமை கடை பூட்டும்போது ஊற வையுங்க, ஞாயிறு தொடாதீங்க. திங்கள் காலை ஒரு கிளீனிங், ஒரு நாசில் செக். பாதிக் கோடு வந்துவிட்டாலும் நல்ல சேதிதான், இன்னொரு ராத்திரி ஊற வையுங்க. கட்டம் அப்படியே காலியாக இருந்தால் எடுத்து வைத்த தாள்களோடு மெஷினை சர்வீஸுக்குக் கொண்டுபோங்க, டேம்பரையும் (ஹெட்டுக்கு முன்னால் மை தங்குகிற சின்ன அறை) பம்பையும் பார்த்துவிட்டு அதற்கப்புறம் ஹெட்டைப் பார்க்கச் சொல்லுங்க.