அமிர்தியில் என்னதான் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்திக் காட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பிப் போனோம். போய்ச் சேரும்போதே மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மரங்கள் எல்லாம் குச்சி குச்சியாக நின்றன. ஆறு என்று நீங்கள் எழுதிய இடத்தில் கல்லும் மணலும்தான் கிடந்தன. அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மிருகம் என்று பார்த்தது கூண்டில் இருந்த மான்களையும், என் மகள் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குரங்கையும்தான். ஆறாவது படிக்கும் பையன் "இதுதான் காடாப்பா?" என்று கேட்டான். போன வருடம் வயநாடு போய்வந்தவன் அவன்.

நம் ஊர் என்பதற்காக நீங்கள் கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். என் யோசனை இது: ஓடையில் ஒரு தடுப்பணை கட்டி வருடம் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் படகு விடலாம். அருவி வரைக்கும் டைல்ஸ் பதித்த பாதை, ஒரு கண்ணாடிப் பாலம், மேலே நான்கு ரிசார்ட் என்று வந்தால் மலை ஜனங்களுக்கும் வேலை கிடைக்கும். இதைப் பற்றி நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஆர்.எஸ்., வேலூர்

அன்புள்ள ஆர்.எஸ்.,

கத்திரி வெயிலில், பகல் பதினொரு மணிக்கு, நம் மாவட்டத்தில் எந்தக் காட்டுக்குப் போனாலும் உங்களுக்கு இதுதான் கிடைத்திருக்கும். அந்த நேரத்தில் வேலூரில் மனிதர்களே வெளியே தலைகாட்டுவதில்லை. கரடி மட்டும் எதற்குக் காட்ட வேண்டும்?

வயநாட்டோடு ஒப்பிடுவதில்தான் சிக்கல். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். வயநாட்டுக்குக் கிடைப்பது இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த மழைக்கு அந்தக் காடு, இந்த மழைக்கு இந்தக் காடு. ஜவ்வாது மலையின் அடிவாரம் முழுக்க முட்காடும் வறண்ட இலையுதிர் காடும்தான். உசில், வெப்பாலை, கொன்றை, வேங்கை என்று இங்கே நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை தை மாசியிலேயே இலையைக் கொட்ட ஆரம்பித்துவிடும். இலை வழியாகத்தான் மரத்திலிருந்து நீர் ஆவியாகிப் போகிறது. வேருக்குத் தண்ணீர் எட்டாத மாதங்களில் இலையை வைத்துக்கொண்டிருப்பது மரத்துக்கு நஷ்டம். நீங்கள் பார்த்த குச்சிகள் எல்லாம் உயிரோடு இருந்தவைதான். ஆடியில் இரண்டு நல்ல மழை விழுந்தால் அதே மரங்களை உங்களால் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது.

இலை இல்லாத மாதங்களுக்கும் சில வசதிகள் உண்டு. கொன்றை பூப்பது இந்த வெயிலில்தான். புதர் அடர்ந்திருக்கும் மழைக்காலத்தில் பத்தடி தள்ளி நிற்கும் மானைக்கூடப் பார்க்க முடியாது. கோடையில் பார்வை தூரம் போகும். போதாததற்குத் தண்ணீர் இரண்டு மூன்று மடுக்களில் மட்டும் மிஞ்சியிருக்கும். எல்லா உயிரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஆனால் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் வரும். இன்னொன்று, கோடையில் சருகின்மேல் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். நான்கு பேர் பேசிக்கொண்டே நடந்து வருவது ஒரு புள்ளிமானுக்கு நாம் திருப்பத்தில் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே தெரிந்துவிடும்.

கூண்டு மான்களைப் பற்றிக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அமிர்தி உயிரியல் பூங்கா 1967-இல் ஆரம்பித்தது. ஏறத்தாழ 25 ஹெக்டேர்தான். சின்னப் பிள்ளைகள் மயிலையும் முதலையையும் கிட்டத்தில் பார்க்க அது போதும். காடு அதன் வேலிக்கு வெளியே இருக்கிறது, மலைமேல் சமுனாமரத்தூர் வரைக்கும், அதற்கு அப்பாலும்.

இனி ஆற்றுக்கு வருகிறேன், கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான். அமிர்திப் பக்கத்து ஓடைகளின் தண்ணீர்தான் நாகநதியாகிறது. அது கண்ணமங்கலம் பக்கம் போய், கமண்டல நதியோடு சேர்ந்து கமண்டல நாகநதியாக ஆரணியைக் கடந்து, செய்யாற்றில் விழுகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. இந்த வழியில் உள்ள ஆறு எதிலும் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. வட ஆற்காட்டு ஆறுகள் பெரும்பாலும் மணலுக்குக் கீழேதான் ஓடும். நம் தாத்தாக்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். மேலே வெள்ளம் தெரிந்தால்தான் ஆறு என்பது காவிரிக்கரைக்காரர்கள் பேச்சு. (அவர்களும் இப்போது அதைச் சொல்லத் தயங்குவார்கள்.)

அமிர்தி ஓடையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுற்றிலும் எல்லாம் காய்ந்து நிற்கும்போது ஓடைக்கரையை ஒட்டி மட்டும் நாவலும் புங்கமும் பச்சையாக ஒரு கோடு போட்டதுபோல் மேலே ஏறிப்போகும். வேருக்கு எட்டுகிற ஆழத்தில் அங்கே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். மலைமேல் விழுகிற மழையைச் சருகும் வேரும் கல்லிடுக்கும் பிடித்து வைத்து மெதுவாக விடுவதால்தான் கீழே கணியம்பாடிப் பக்கத்துக் கிணறுகளில் கொஞ்ச நாள் கூடுதலாகத் தண்ணீர் நிற்கிறது. காய்ந்து போயிருந்த நாகநதியில் நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் உறை இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள் அமைத்தார்கள். ஓடைகளின் குறுக்கே கல் அடுக்கி வேகத்தைத் தடுத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலிப் பேச்சில்கூட அது இடம்பெற்றது. அந்த வேலை முழுக்கத் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்புவதற்காகச் செய்தது. நீங்கள் கேட்கிற படகுக் குளம் இதற்கு நேர் எதிர். நம் வெயிலுக்கு அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். மலை ஓடை கொண்டுவரும் மணலும் கல்லும் சில வருடத்தில் அதை நிரப்பிவிடும். அப்புறம் கண்ணமங்கலத்து விவசாயிக்கு யார் பதில் சொல்வது?

சரி, விலங்குகள். பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அவனை அடுத்த முறை ஓடை மணலில், வெயில் ஏறும் முன் நடக்கச் சொல்லுங்கள். முதல் நாள் இரவு யார் யார் அந்த வழியாக வந்தார்கள் என்பது அங்கே பதிந்திருக்கும். இரண்டாகப் பிளந்த கூரான குளம்பு புள்ளிமானுடையது. அதுவே சற்று அகன்று மழுங்கி, பக்கத்தில் மண் உழுததுபோல் கிளறிக் கிடந்தால் காட்டுப்பன்றி. நடுவில் ஒரு கோடு இழுத்து, இரண்டு பக்கமும் நகம் பதிந்திருந்தால் உடும்பு வாலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பாறைமேல் விதையாகக் குவிந்து கிடக்கும் எச்சம் மரநாய் போட்டது. கரையில் ஒரு கறையான் புற்று உடைந்து, உள்ளே குடைந்ததுபோல் குழி இருந்தால் கரடி வந்திருக்கிறது. அது நகத்தால் புற்றைப் பிளந்து, வாயைக் குழாய்போல் குவித்துக் கறையானை உறிஞ்சும். கொன்றைக் காயும் இலந்தையும் நாவலும் அதற்குப் பிடிக்கும், தின்ற விதைகளைக் காடு முழுக்கப் போட்டுவிட்டுப் போகும். இந்தக் காட்டில் மரம் நடும் வேலையை வனத்துறைக்கு முன்பிருந்தே செய்துவருவது இதுவும் சின்னான் குருவிகளும்தான். சந்தன மரத்தின் சின்னக் கருநீலப் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதும் குருவிகள்தான்.

ஐப்பசிக்குப் பிறகு போனால் ஆறுமணிக்குருவி இருக்கும். வட இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு நம் பக்கம் வரும் பறவை. பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆனால் தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் என்பதால் கண்ணில் படாது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பாதை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அருவிக்குப் போகும் தடம் ஒரு கிலோமீட்டர்தான். அதில் டைல்ஸ் பதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏலகிரி வரை போக வேண்டியதில்லை, ஊரில் எந்தப் பூங்காவையும் பார்த்தால் போதும். டைல்ஸ் வந்த மறுவாரம் கடை வரும், கடை வந்தால் பாக்கெட் வரும். இப்போதே குரங்கு அதற்குப் பழகிவிட்டது. உங்கள் மகளிடமிருந்து பிடுங்கியது குரங்கின் குணம் கெட்டதால் அல்ல, உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கையால் கொடுத்துப் பழக்கியதால். அந்தப் பிளாஸ்டிக்கை அடுத்து மான் மெல்லும். மலைக்கு மேலே போகும் ஒற்றையடிப் பாதைகள் வேறு கதை. சாமை, புளி, தேன், சீத்தாப்பழம் என்று தலையில் வைத்துக்கொண்டு மலை ஜனங்கள் இறங்கிவந்த வழிகள் அவை. 2006-இன் வன உரிமைச் சட்டப்படி அங்கே அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நமக்கு இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி இறந்த பிறகு இதற்கென்றே தனி விதிகள் வந்தன. சருகு நிறைந்த நம் காட்டில் ஒரு பீடித்துண்டு என்ன செய்யும் என்று பாரஸ்ட் வாட்சர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வேலை பற்றி நீங்கள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது உண்மையான பிரச்சினை. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர் போனது. அந்தச் சந்தனம் கடத்தலில் அழிந்தபோது லாபம் பார்த்தவர்கள் கீழே இருந்தார்கள், கோடரி பிடித்துக் கேஸில் மாட்டியவர்கள் மேலே இருந்தார்கள். அப்புறம் அதே கைகளைச் செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். மரத்தைத் தொட்டுப் பார்த்தே வயது சொல்லக்கூடிய ஆட்களுக்கு நாம் இதுவரை கொடுத்த வேலை இதுதான். ரிசார்ட் வந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? பாத்திரம் கழுவுவதும் கேட்டில் நிற்பதும். அதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் வேறு வழி இருக்கிறது. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். முன்பதிவு செய்து, கணக்காக இத்தனை பேர் என்று அழைத்துப் போகிறார்கள். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரிப் பக்கம் நடக்கிறது. இதே முறை இந்த மலைச்சரிவுகளுக்கும் வர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள், தாராளமாக எழுதுகிறேன். கண்ணாடிப் பாலத்துக்கு ஆகும் செலவில் எத்தனை பேருக்கு எத்தனை வருடம் சம்பளம் கொடுக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மறுபடி போவதாக இருந்தால் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போங்கள். மழை முடிந்து ஓடையில் தண்ணீர் இருக்கும், அருவியும் விழும், மரத்தில் இலையும் இருக்கும். பூங்கா திறக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொண்டு, திறந்ததும் உள்ளே நுழைந்துவிடுங்கள். தடத்தைத் தாண்டி எங்கேயும் போவதாக இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். மலைமேல் கருத்திருந்தால், கீழே வெயில் அடித்தாலும் ஓடைக்குள் இறங்க வேண்டாம். மேலே பெய்த மழை சொல்லாமல் வந்து சேரும். சாப்பாட்டைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, காட்டைவிட்டு வெளியே வந்து சாப்பிடுங்கள். பையனிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பார்க்கிற கால்தடங்களை வரையச் சொல்லுங்கள். அவன் வரைந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினால், எது எதனுடையது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்.