எல்லையோர வாசகர்களின் சட்டக் கேள்விகள்

ஆழியாற்றுத் தண்ணீருக்காகக் கேரளமும் தமிழ்நாடும் கோடைதோறும் மல்லுக்கட்டுகின்றன. வெளிநாடுகளில் இரண்டு மாநிலங்களுக்குள் இப்படி வந்தால் யார் தீர்த்துவைக்கிறார்கள்?
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

அமெரிக்காவில் ஒரு மாநிலம் இன்னொன்றின் மீது நேரே சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடலாம். சாட்சியம் எடுக்கக் கோர்ட் ஒரு சிறப்பு அதிகாரியை அமர்த்தும். வேகமான வழி என்று எண்ண வேண்டாம்: கொலராடோ ஆற்றுக்காக அரிசோனா 1952-ல் கலிபோர்னியா மீது போட்ட வழக்கில் 1963-ல்தான் தீர்ப்பு வந்தது. மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து நாடாளுமன்ற ஒப்புதல் பெறுவது இன்னொரு வழி. 1922-ல் கொலராடோவுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஆற்றின் மேல்பகுதி மாநிலங்களுக்கு (மேல்படுகை) ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பகுதி மாநிலங்களுக்கும் (கீழ்படுகை) அதே அளவு. ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர். ஆனால் கணக்கெடுத்தது நல்ல மழைக் காலத்தில். ஆற்றில் சராசரியாக அவ்வளவு ஓடுவதில்லை. ஓடுவதில் இத்தனை பங்கு என்று எழுதாமல் நிலையான அளவை எழுதியதால், பற்றாக்குறையை யார் தாங்குவது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

நம் நாட்டில் அரசியலமைப்பின் 262-வது பிரிவும் 1956-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு சட்டமும் இத்தகைய வழக்கை நடுவர் மன்றத்துக்கு அனுப்புகின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவு தடுப்பணையில் சித்தூருக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும். நீராண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. ஒப்பந்தத்தை ஒழுங்காக நிறைவேற்றவில்லை என்ற புகாரும் சட்டப்படி 'நீர்த் தகராறு'தான். அதைக் கிளப்பும் உரிமை மாநில அரசுக்கே உண்டு, விவசாயிக்கு இல்லை.

விவசாயி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கேரள நீர்ப்பாசனத் துறைக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆண்டு மொத்தத்தைக் கேட்காதீர்கள். மொத்தம் சரியாக இருந்தும் பயிர் காய்ந்திருக்கலாம். இரண்டாம் போகம் கதிர் பிடிக்கும் வாரங்களில் மணக்கடவில் தேதிவாரியாக எவ்வளவு வந்தது, அதில் உங்கள் கால்வாய்க்கு எவ்வளவு திறந்தார்கள் என்று கேளுங்கள். வந்த நீரை நம் பக்கமே சரியாகப் பங்கிடவில்லை என்று தெரிந்தால், அதற்கு எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் ரிட் மனு (அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போடலாம்.

திருப்பதியில் கல்யாணம் செய்துவைத்தோம். மருமகன் அமெரிக்கா போய், அங்கே விவாகரத்து வாங்கிவிட்டதாகத் தாள் அனுப்பியிருக்கிறார். என் மகள் நகரியில்தான் இருக்கிறாள். அது செல்லுமா?
– வாசகி, நகரி, ஆந்திரா

பெரும்பாலும் செல்லாது. அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நெவாடாவில் ஆறு வாரம், மிசௌரியில் 90 நாள் குடியிருந்தவர் அங்கே மனுப் போடலாம். உறவு மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணமே போதும். இங்கே 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களுக்கும் ஒன்றுதான். அந்தக் காரணம் அதில் இல்லை.

1991-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த வழக்கும் திருப்பதியில் நடந்த திருமணம் பற்றியதே. கணவர் மிசௌரியில் வாங்கிய விவாகரத்து இங்கே செல்லாது என்றது கோர்ட். விதிவிலக்கு மூன்று சொன்னது: மனைவி அந்த நாட்டிலேயே நிலையாகக் குடியிருந்து, நம் சட்டம் ஏற்கும் காரணத்தில் தீர்ப்பு வந்திருந்தால்; அவரே விரும்பி அங்கே ஆஜராகி, நம் சட்டம் ஏற்கும் காரணத்தின் மீது வாதாடியிருந்தால்; அல்லது விவாகரத்துக்குச் சம்மதித்திருந்தால்.

பலர் கோட்டைவிடுவது இந்தச் சம்மதத்தில்தான். 'தபால் கிடைத்ததற்குக் கையெழுத்து' என்று வரும் தாளில் சம்மத வாசகமும் இருக்கலாம். வக்கீல் படிக்காமல் மகள் எதிலும் கையெழுத்திட வேண்டாம். உறையைத் தேதி முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். பதில் அனுப்புவதானால், அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்ற ஆட்சேபணையோடு நிறுத்துங்கள். மகள் வசிக்கும் இடத்துக்கு உரிய கோர்ட்டிலேயே திருமண வழக்குப் போடவும் ஜீவனாம்சம் கேட்கவும் முடியும். அந்தத் தாளை நம்பி மருமகன் மறுமணம் செய்தால், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 82-வது பிரிவில் ஏழாண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் கொலை வழக்கை இன்னும் 302 என்கிறார். இங்கே 103 என்கிறார்களே?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

இருவரும் சொல்வது சரி. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தை ஒட்டித்தான் சிங்கப்பூர், மலேசியச் சட்டங்கள் எழுந்தன. அங்கே எண் மாறவில்லை. இங்கே 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி கொலைக்கு 103-வது பிரிவு, மோசடிக்கு 318. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இங்கும் பழைய 302-தான்.

தமிழில் எழுதிய மனுவை வாங்க மறுக்கிறார்கள். இதற்குச் சட்டம் உண்டா?
– வாசகி, தேவிகுளம்

உண்டு. அரசியலமைப்பின் 350-வது பிரிவுப்படி, குறைதீர்க்கும் மனுவை இந்திய ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். பதில் எந்த மொழியில் வரும் என்பது வேறு விஷயம். அதை 350 சொல்லவில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் அலுவலகங்களில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடம் தருகிறது. பெல்ஜியத்திலும் ஏறக்குறைய இதே முறைதான்: மொழி எல்லையை ஒட்டிய 27 உள்ளாட்சிகளைச் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறித்து, அங்கே மட்டும் சிறுபான்மை மொழியில் சேவை தருகிறார்கள். ஆகவே உங்கள் ஊர் அறிவிக்கப்பட்ட பகுதியில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். மனுவின் தலைப்பிலேயே 350-வது பிரிவைக் குறிப்பிடுங்கள். வாங்க மறுத்தால், கிடைத்ததற்குச் சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.