பிரசண்ட்லி: இப்போதா, சற்றுப் பிறகா?

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்த கடிதத்தில், மேலாளர் 'பிரசண்ட்லி' பதில் எழுதுவார் என்று இருந்தது. உடனே எழுதுவார் என்று எண்ணிக் காத்திருந்தேன். நான்கு நாள் கழித்தே பதில் வந்தது. அகராதியில் 'இப்போது', 'விரைவில்' என இரு பொருளும் உள்ளன. எது சரி?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டும் சரியே. ஆனால் நீங்கள் எண்ணிய 'உடனே' என்ற பொருளும் ஒரு காலத்தில் அச்சொல்லுக்கு இருந்தது என்பதுதான் இதில் சுவையான செய்தி.

'முன்னால் இருப்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'பிரசண்ட்' ஆயிற்று. அதனோடு சேர்ந்த 'லி' விகுதி, உடல், வடிவம் என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் 'ஆக' செய்யும் வேலையை அது அங்கே செய்கிறது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியத்தில், இயேசு சபித்த அத்திமரம் 'பிரசண்ட்லி' பட்டுப்போயிற்று என்று மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் வருகிறது. கண்ணெதிரே பட்டுப்போன மரம் அது. தமிழ் விவிலியமும் அவ்விடத்தில் 'உடனே' என்றே சொல்கிறது.

பிறகு ஏன் பொருள் தளர்ந்தது? உடனே செய்கிறேன் என்பவர் எல்லோரும் உடனே செய்துவிடுவதில்லை. 'இதோ வருகிறேன்' என்று நாம் சொல்லிவிட்டு, கையில் உள்ள வேலையை முடித்த பிறகே எழுந்திருப்பதைப் போல, ஆங்கிலேயரின் பேச்சிலும் அந்தச் சொல் சிறிது சிறிதாகத் தாமதத்தை ஏற்றுக்கொண்டது. இன்று 'விரைவில்' என்று பொருள்படும் 'சூன்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்றே பொருள்பட்டது என்பதை அறிந்தால், இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த மாற்றம் அன்று என்பது விளங்கும்.

'இப்போது' என்ற பொருளும் பழையதே. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் அது இன்றும் வழங்குகிறது. இங்கிலாந்தில் சிலர் அதனைப் பிழை என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. படிக்கும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள்: நிகழ்கால வினையோடு வந்தால் பெரும்பாலும் 'இப்போது'; எதிர்கால வினையோடு வந்தால் 'விரைவில்'. உங்கள் கடிதத்தில் இருந்தது எதிர்கால வினை. நீங்கள் எழுதும்போது மட்டும், படிப்பவர் தடுமாறாதிருக்க, 'நவ்' என்றோ 'சூன்' என்றோ எழுதிவிடுங்கள்; நாள் முக்கியமானால் தேதியையே குறிப்பிடுங்கள்.